ரிப்பன் வெட்ட மட்டும்தானா?

லாஸ்ட் பெஞ்ச் - வாராவாரம்

ஒரு ஸ்டேடியம் திறப்பு விழாவை மனசுல ஓட்டிப் பாருங்க பாஸ். வாசல்ல வாழை மரம், உள்ளே ஷாமியானா, 'மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ'. மேடையில முதல் வரிசை முழுக்க வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை. ஓரமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில ட்ராக் சூட் போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். இந்தியாவுக்காக ஆடினவர். அவர் கையில ஒரு கத்தரிக்கோலைக் கொடுப்பாங்க. வெட்டுவார். கைதட்டல், பொன்னாடை, போட்டோ... சுபம்!

அந்தக் கத்தரிக்கோலுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, அதே கையில ஒரு பென்சிலைக் கொடுத்து, "அண்ணே, இந்த ப்ளானைக் கொஞ்சம் பாருங்க. எங்கேயாவது இடிக்குதா?"ன்னு யாராவது கேட்டிருப்பாங்களா? இந்த வாரம் நம்ம பெஞ்ச்சுல இதுதான் மேட்டர்.

"அதான் ரூல் புக்ல எல்லா அளவும் இருக்கே, ப்ளேயரை வேற எதுக்குக் கேட்கணும்?"னு சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் முறைக்கிறது இங்கே வரைக்கும் தெரியுது. நானும் இன்ஜினீயரிங்தான். அளவுன்னா எனக்கும் பக்தி உண்டு. ஆனா ரூல் புக், டேப், அதிகாரிகள், நடுவர்கள்னு எல்லாரும் இருந்த ஒரு ஹால்ல என்ன நடந்துச்சுன்னு முதல்ல கேளுங்க.

கண்ணுக்குத் தெரியாத 5 சென்டிமீட்டர்

2000-ம் வருஷம், சிட்னி ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆல்ரவுண்ட் ஃபைனல். அதுல 'வால்ட்'னு ஒரு ஐட்டம். வேகமா ஓடி வந்து, ஸ்பிரிங் பலகையில எகிறி, குதிரை மாதிரி நிக்கிற ஒரு மேடையில கையை ஊன்றி, காத்துல சுழன்று அந்தப் பக்கம் இறங்கணும். உலகத்தோட டாப் பெண்கள் அன்னிக்கு வரிசையா தடுமாற ஆரம்பிச்சாங்க. தங்கம் இவருக்குத்தான்னு எல்லாரும் எழுதி வெச்சிருந்த ரஷ்யாவோட ஸ்வெட்லானா கோர்கினா, முட்டி தரையில இடிக்க விழுந்தார். டென்ஷன்லதான் விழறாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க.

ஆஸ்திரேலியாவோட அலானா ஸ்லேட்டர்ங்கிற பொண்ணு மட்டும், "இது உயரம் கம்மியா இருக்கு"ன்னு சொல்லுச்சு. டேப் எடுத்து அளந்தாங்க. 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 120-தான் இருந்துச்சு! அதுக்குள்ளே 18 பேர் அந்த மேடையில குதிச்சு முடிச்சிருந்தாங்க. திரும்பக் குதிக்க சான்ஸ் கொடுத்தாங்க. ஆனா கோர்கினா அதுக்குள்ளே அடுத்த ஐட்டத்துலயும் விழுந்திருந்தார். அந்த மெடல் போனது போனதுதான்.

5 சென்டிமீட்டர்ங்கிறது நம்ம பரீட்சை பேப்பர்ல விடற மார்ஜின் அளவுகூட இருக்காது. அத்தனை பேர் கண்ணுக்கும் தெரியலை. பல வருஷமா தினம் அதே மேடையில கையை ஊன்றின ஒரு பொண்ணோட உள்ளங்கைக்குத் தெரிஞ்சுது. விளையாட்டு வீரர்கிட்டே இருக்கிற இந்தத் தகவல் எந்த ரூல் புக்லயும் கிடையாது. அதைத்தான் நாம ஸ்டேடியம் கட்டும்போது கேட்காம விட்டுடறோம்.

கேட்காட்டி, தானே கட்டிக்கறாங்க!

நம்ம நாட்டுல இதுக்கு ஒரு சுவாரஸ்யமான ஹிஸ்டரி உண்டு. யாரும் கேட்காததால, பெரிய ப்ளேயர்கள் தாங்களே களத்துல இறங்கி இடத்தைக் கட்டிக்கிட்ட கதை.

பிரகாஷ் படுகோன். 1980-ல ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் பட்டம் ஜெயிச்ச முதல் இந்தியர். (தீபிகாவோட அப்பான்னா டக்குனு புரியும்!) அவர் சின்ன வயசுல ஆடிப் பழகினது பெங்களூருல ஒரு கல்யாண மண்டபத்துல. முகூர்த்த நாள்னா ப்ராக்டீஸ் கட். அந்த மனுஷன் ரிட்டயர் ஆனப்புறம் செஞ்ச முதல் பெரிய வேலை, 1994-ல பேட்மின்டனுக்குன்னே ஒரு அகாடமி ஆரம்பிச்சது.

அடுத்து புல்லேலா கோபிசந்த். 2001-ல அதே ஆல் இங்கிலாந்து பட்டம். அதுக்கு முன்னாடி முட்டியில பெரிய அடி பட்டு, ஆபரேஷன் பண்ணி, 'இவர் கதை முடிஞ்சுது'ன்னு சொன்னவங்க முன்னாடி திரும்பி வந்தவர். 2003-ல அன்றைய ஆந்திர அரசு ஹைதராபாத் கச்சிபௌலியில 5 ஏக்கர் கொடுத்தது. கட்டறதுக்குப் பணம் இல்லை. சொந்த வீட்டை அடமானம் வெச்சார். தொழிலதிபர் நிம்மகட்ட பிரசாத் 5 கோடி ரூபாய் கொடுத்தார். 2008-ல அகாடமி திறந்தது. கோர்ட், ஜிம், நீச்சல் குளம், தங்கற ரூம், சாப்பாடு எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ளே. அங்கே பயிற்சி எடுத்த சாய்னா நேவால் 2012 லண்டன்ல வெண்கலம், பி.வி.சிந்து 2016 ரியோவுல வெள்ளி. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

எல்லாம் ஏன் ஒரே காம்பவுண்டுல? விடியற்காலை ஒரு செஷன், மத்தியானம் ஒரு செஷன், நடுவுல சாப்பாடு, தூக்கம்னு ஓடுற ஒரு ப்ளேயரோட நாளை யோசிச்சுப் பாருங்க. டவுன் பஸ் பிடிச்சு ரெண்டு தடவை போய் வந்தா, கோர்ட்ல கால் எழுமா? இது ஆடினவருக்குத் தெரியும். பொதுவா ஸ்டேடியத்துக்கு எஸ்டிமேட் போடறப்ப கேலரிக்குத்தான் முதல் மரியாதை. படுக்கிற ரூமை யார் நினைக்கிறா?

பேட்மின்டன்ல இன்னொரு சூட்சுமம் இருக்கு. ஷட்டில் காக்கோட எடை 4.74 கிராம்ல இருந்து 5.50 கிராம் வரைக்கும்தான். லேசா காத்து அடிச்சா திசை மாறிடும். வெள்ளை இறகு, வெள்ளைச் சுவருக்கு முன்னாடி வந்தா காணாமப் போயிடும். தலைக்கு மேல லைட் இருந்தா, ஸ்மாஷ் அடிக்க நிமிர்ந்து பார்க்கிறவன் கண்ணு கூசும். அதனாலதான் நல்ல ஹால்ல சுவர் அடர்த்தியான கலர்ல இருக்கும், லைட் கோர்ட்டுக்குப் பக்கவாட்டுல இருக்கும், ஃபேன் ஓடாது. நான் பார்த்த ஒரு இண்டோர் ஹால்ல (எதுன்னு கேட்காதீங்க!) வெள்ளைச் சுவர், நடுக் கோர்ட்டுக்கு நேர் மேல லைட், பேஸ்லைனுக்குப் பின்னாடி மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பக்கம் ஆடறவனுக்கு சூரியன் தெரியுமே தவிர ஷட்டில் தெரியாது. டாஸ் ஜெயிச்சா பாதி மேட்ச் ஜெயிச்ச மாதிரி! கட்டடமா பார்த்தா சூப்பர்தான். காத்தோட்டம், வெளிச்சம் எல்லாம் புக்ல சொன்னபடி. ஆடற ஒருத்தர் அந்த ப்ளானை அஞ்சு நிமிஷம் பார்த்திருந்தா அந்த ஜன்னல் வேற சுவருக்குப் போயிருக்கும்.

சின்னப்பம்பட்டி சம்பவம்

'ஹைதராபாத், பெங்களூர் எல்லாம் பெரிய ஊர்ப்பா'ன்னு சொல்றீங்களா? நம்ம சேலம் பக்கம் வாங்க. சின்னப்பம்பட்டி. யார்க்கர் நடராஜன் ஊர். அப்பா தறி வேலை, அம்மா ரோட்டோரத்துல சிக்கன் கடை. டென்னிஸ் பால் கிரிக்கெட்ல வளர்ந்தவர், 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணு ஃபார்மட்லயும் அறிமுகம் ஆகி மிரட்டினார். ஊருக்குத் திரும்பினவர் செஞ்சது என்ன? 2021 கடைசியில, 'எங்க ஊர்ல எல்லா வசதியோட ஒரு கிரவுண்ட் கட்டறேன்'னு அறிவிச்சார். 2023 ஜூன்ல 'நடராஜன் கிரிக்கெட் கிரவுண்ட்' திறந்தாச்சு. திறந்து வெச்சது தினேஷ் கார்த்திக்.

அந்த கிரவுண்டோட லிஸ்ட்டைப் பாருங்க. நடுவுல 4 பிட்ச், ப்ராக்டீஸுக்கு தனியா 2 பிட்ச், ஜிம், கேன்டீன். பார்வையாளர் கேலரி? 100 பேர் உட்கார்ற மாதிரி ஒரு மினி கேலரி. அவ்வளவுதான்!

பந்து வீசறவன் ஒவ்வொரு பாலுக்கும் ஒரே இடத்துல காலைக் குத்தி இறங்குவான். அந்த இடம் சீக்கிரமே குழி ஆகும். குழியில கால் வெச்சா கணுக்கால் காலி. பிட்ச் நாலு இருந்தா, ஒண்ணுல ஆடிட்டு மத்ததை ஆற விடலாம், தண்ணி விடலாம், ரோலர் போடலாம். வருஷம் முழுக்க கிரவுண்ட் உயிரோட இருக்கும். பந்து வீசியே முன்னுக்கு வந்த ஒருத்தர் காசு போட்டா முதல்ல பிட்ச்சுக்குப் போகும். வந்து பார்க்கிறவங்களுக்காகக் கட்டினா முதல்ல ஆர்ச்சுக்கும் கேலரிக்கும் போகும். ரெண்டுக்கும் வித்தியாசம் இதான் மக்களே.

ஒரு ஈர சாக்ஸ்

அதே சேலம் மாவட்டத்துல பெரியவடகம்பட்டின்னு இன்னொரு ஊர். மாரியப்பன் தங்கவேலு. அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் பாதிக்கப்பட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம். 2024 பாரிஸ்ல வெண்கலம். நடுவுல 2021-ல நடந்த டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல 1.86 மீட்டரோட வெள்ளி. அந்த டோக்கியோ ஃபைனல்தான் நம்ம மேட்டர்.

அன்னிக்கு மழை. பாதிக்கப்பட்ட கால்ல அவர் ஷூ போடறதில்லை, சாக்ஸ் மட்டும்தான். மழையில அந்த சாக்ஸ் நனைஞ்சு தரையில ஒட்டினதால சரியா எகிற முடியலைன்னு அப்புறம் அவரே சொன்னார். தங்கத்துக்கும் அவருக்கும் நடுவுல 2 சென்டிமீட்டர். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஈர சாக்ஸ்.

நாம நாலு வருஷம் சர்வே, ஹைட்ராலிக்ஸ், ட்ரெய்னேஜ்னு படிச்சாலும், 'ஹைஜம்ப் ஏரியாவுல ஈரம் எவ்வளவு நேரம் நிக்கலாம்?'ங்கிற கேள்விக்கு ஒரு சாக்ஸ்தான் விடைன்னு தோணுமா? ஷூவுக்கு ஒரு தரை, சாக்ஸுக்கு வேற தரை. இதைச் சொல்ல மாரியப்பன் மாதிரி ஒருத்தர்தான் வேணும். அதே மாதிரி, 2024 பாரிஸ்ல உயரம் குறைஞ்சவங்களுக்கான பேட்மின்டன் பிரிவுல வெண்கலம் ஜெயிச்ச ஓசூர் நித்யஸ்ரீ சிவனை ஒரு புது ஸ்டேடியத்துக்குள்ளே கூட்டிட்டுப் போங்க. லைட் ஸ்விட்ச், வாஷ்பேசின், பாத்ரூம் தாழ்ப்பாள், லாக்கர், கேலரிப் படி... நம்ம கண்ணுல படாத எத்தனை விஷயம் அவர் கண்ணுல படும்னு நினைக்கிறீங்க? வாசல்ல ஒரு சாய்தளம் போட்டு வீல்சேர் படம் ஒட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிற வரைக்கும் இது எதுவும் மாறாது.

கேட்டும் காதுல வாங்காதவங்க

சில இடத்துல வீரர்களே வந்து சொல்லுவாங்க, அப்பவும் நடக்காது. 2015-ல கனடாவுல பெண்கள் ஃபுட்பால் உலகக் கோப்பை. எல்லா மேட்சும் செயற்கைப் புல் தரையிலன்னு முடிவாச்சு. ஆண்கள் உலகக் கோப்பையை முழுக்க முழுக்க அப்படி நடத்தினதே இல்லை. அமெரிக்காவோட அபி வாம்பாக், பிரேசிலோட மார்ட்டானு பெரிய தலைகள் எல்லாம் சேர்ந்து 2014-ல ஒன்டாரியோ மனித உரிமை ட்ரிப்யூனல் வரைக்கும் போனாங்க. செயற்கைப் புல்லுல சறுக்கி விழுந்தா தோல் உரியும், வெயில்ல தரை கொதிக்கும், பந்து வேற மாதிரி எகிறும்... இதுதான் அவங்க சொன்னது. கேஸ் இழுத்துக்கிட்டே போனதுல 2015 ஜனவரியில அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. உலகக் கோப்பை செயற்கைப் புல்லுலயேதான் நடந்துச்சு. ஆனா அந்தச் சத்தம் வீண் போகலை. அடுத்த ரெண்டு உலகக் கோப்பையும், 2019-லயும் 2023-லயும், நிஜப் புல்லுல நடந்துச்சு.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் மூலைக்கு மூலை 'டர்ஃப்' முளைச்சிருக்கு. மணிக்கு இவ்வளவுன்னு ஷேர் போட்டு நைட் மேட்ச் ஆடாத ஹாஸ்டல் பையன் யாரு? முட்டியில சிராய்ப்பு இல்லாம திரும்பினவன் யாரு? வாம்பாக் சொன்னது நம்ம முட்டிக்கும் தெரியும்தானே!

'அப்போ அவங்க சொன்னபடியே கட்டிடணுமா?'

நியாயமான கேள்வி. இல்லைங்கிறதுதான் பதில். இதுக்கு ஒரு சோகமான கதை இருக்கு.

இத்தாலியில இமோலான்னு ஒரு ஃபார்முலா ஒன் ட்ராக். அதுல 'டம்புரெல்லோ'ன்னு ஒரு வளைவு. முழு வேகத்துல திரும்பற இடம், வெளிப்பக்கம் கொஞ்ச தூரத்துலயே கான்கிரீட் சுவர். 1989-ல கெர்ஹார்ட் பெர்கர் அந்தச் சுவர்ல மோதி, கார் தீப்பிடிச்சு, உயிர் பிழைச்சார். அதுக்கப்புறம் அவரும் அயர்டன் சென்னாவும் அந்த வளைவுக்கு நடந்தே போய், சுவரைத் தள்ளி வைக்க முடியுமான்னு பார்த்திருக்காங்க. சுவருக்குப் பின்னாடி ஆறு ஓடுது. தள்ள இடம் இல்லை. 'ஒண்ணும் பண்ண முடியாது'ன்னு திரும்பிட்டாங்கன்னு பெர்கரே பின்னாடி சொல்லியிருக்கார். 1994 மே 1. அதே டம்புரெல்லோ சுவர்ல மோதி சென்னா இறந்தார். வயசு 34.

அதுக்கடுத்த வருஷம் என்ன செஞ்சாங்க தெரியுமா? ஆறு அங்கேயேதான் இருந்துச்சு, அதை யாரும் நகர்த்தலை. வளைவோட டிசைனையே மாத்தி, கார்கள் வேகத்தைக் குறைச்சே ஆகணும்ங்கிற மாதிரி இடது, வலதுன்னு சின்னச் சின்ன திருப்பமா ஆக்கிட்டாங்க.

பாஸ், நல்லா கவனிங்க. ஆபத்து எங்கேன்னு ஓட்டறவங்களுக்குத் துல்லியமா தெரிஞ்சிருந்துச்சு. ஆனா 'சுவரைத் தள்ளணும்'ங்கிற அவங்க விடை நடக்காத விடை. 'சுவரை விட்டுடு, வேகத்தைக் குறை'ங்கிற விடை டிசைன் பண்றவங்க பக்கம் இருந்துச்சு. ரெண்டு பேரும் முன்னாடியே ஒரே டேபிள்ல உட்கார்ந்து, வேற வழி என்னன்னு யோசிச்சிருந்தா? எங்கே வலிக்குதுன்னு சொல்ல வேண்டியது பேஷன்ட். மருந்து எழுத வேண்டியது டாக்டர். பேஷன்ட்டைக் கேட்காம மருந்து எழுதற டாக்டரும் வேண்டாம், பேஷன்ட்டையே மருந்து எழுதச் சொல்ற டாக்டரும் வேண்டாம்.

இன்னொரு ஜாக்கிரதையும் வேணும். பெரிய ஸ்டார் தன்னோட விளையாட்டு, தன்னோட லெவலுக்கு என்ன வேணுமோ அதைத்தான் முதல்ல பார்ப்பார். காலையில வாக்கிங் வர்ற அப்பா, அம்மாவுக்கும், அண்டர் 14 பசங்களுக்கும் என்ன வேணும்கிறது அவர் கண்ணுக்குத் தப்பலாம். அதனால இன்டர்நேஷனல் ப்ளேயர் ஒருத்தர், மாவட்ட அளவுல ஆடற ஒரு பொண்ணு, அந்த ஊர் கோச் ஒருத்தர்... குறைஞ்சது மூணு பேரையாவது கேட்கணும். அதுல பொண்ணு கட்டாயம். 'டிரெஸ் மாத்தற ரூம் கேலரிக்குப் பின்னாடி இருட்டுல இருக்கு, ஆறு மணிக்கு மேல அங்கே போக பயமா இருக்கு'ன்னு ஒரு வரியை அவங்கதான் சொல்லுவாங்க. அந்த ஒரு வரியால எத்தனை பொண்ணுங்க விளையாட்டை விட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு யோசிங்க.

எங்க ஊர் பெரிய கிரவுண்டு, 14 கிலோமீட்டர்!

நான் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில, பெரிய கோயிலுக்கு மலையோட அந்தப் பக்கம் இருக்கிற ஊர். எங்க ஏரியாவோட மெகா ஸ்போர்ட்ஸ் கிரவுண்டு எதுன்னு கேட்டா, இந்தப் பாதைதான். விடிஞ்சும் விடியாம போலீஸ் செலக்ஷனுக்கும் ஆர்மிக்கும் ரெடியாகற பசங்க இதுலதான் ஓடறாங்க. போலீஸ்னா 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். தார் ரோடு. அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. பௌர்ணமின்னா ஓட்டம் கேன்சல், பாதை பக்தர்களுக்கு!

ஆனா இந்தப் பாதைகிட்டே ஒரு பாடம் இருக்கு. சுத்தி வர 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கும் அஷ்டலிங்கம். நடுநடுவே உட்கார மண்டபம், கால் நனைக்கக் குளம். கால் வலிக்கும்போது உட்கார ஒரு இடம், தாகம் எடுக்கும்போது தண்ணி. நடக்கிறவங்களோட உடம்பைத் தெரிஞ்சுக்கிட்டு போட்ட ப்ளான் இது. இன்னிக்கு பாஷையில சொன்னா, 'யூஸர்' யாருன்னு தெரிஞ்ச டிசைன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2022-ல தமிழக அரசு, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு மினி ஸ்டேடியம், ஒவ்வொண்ணும் 3 கோடி ரூபாய் செலவுலன்னு அறிவிச்சது. தமிழ்நாட்டுல 234 தொகுதி. 3 கோடிங்கிறது ஒரு ஊருக்குப் பெரிய பணம். ஆனா ஒரு ஸ்டேடியத்துக்குச் சின்ன பணம். ஒவ்வொரு ரூபாயும் சரியான இடத்துல விழணும். ஒரே ட்ராயிங்கை 234 ஜெராக்ஸ் எடுத்தா விழாது.

ஏன்னா ஊருக்கு ஊர் எல்லாமே வேற. எங்க திருவண்ணாமலையையே எடுத்துக்குங்க. டவுன் மலைக்குக் கிழக்கே இருக்கு. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கிட்டா சீக்கிரம் நிழல். மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு காலை வெயில் லேட்டு. ஆக, ஒரே தொகுதியில ஒரு பக்கம் சாயங்கால ப்ராக்டீஸுக்கு லைட் வேணும், இன்னொரு பக்கம் விடியற்காலைக்கு வேணும். இது கூகுள் மேப்ல தெரியாது. தினம் அங்கே ஓடறவனுக்குத் தெரியும். கபடிக்கு ஒரு இடம் ஒதுக்கறீங்களா? ஆண்கள் ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. அளவு ரூல் புக்ல இருக்கு. ஆனா பிடிபட்டவன் எகிறி விழற இடத்துல கம்பி வேலி இருக்கக் கூடாதுன்னு விழுந்தவன்தான் முதல்ல சொல்லுவான்.

எப்போ கேட்கணும்?

டைமிங்தான் எல்லாமே. ட்ராயிங்ல இருக்கும்போது ஒரு சுவரை நகர்த்த ஒரு ரப்பர் போதும். கான்கிரீட் போட்டப்புறம் நகர்த்த ஜே.சி.பி. வேணும். திறப்பு விழா முடிஞ்சப்புறம் நகர்த்த ஒரு ஆட்சிக் காலமே வேணும்! அதனால மூணு தடவை கேட்டா போதும்னு தோணுது. இடம் தேர்வு செய்யும்போது ஒரு தடவை. டெண்டர் விடறதுக்கு முன்னாடி ப்ளானை விரிச்சு வெச்சு ஒரு தடவை. வேலை முடிஞ்சு, கான்ட்ராக்டருக்குக் கடைசி பில் கொடுக்கறதுக்கு முன்னாடி, அதே ஆட்களை ஒரு வாரம் அங்கே ஆட விட்டு ஒரு தடவை. மூணாவது ரொம்ப முக்கியம். பில் பாக்கி இருக்கிற வரைக்கும்தான் கான்ட்ராக்டர் போன் எடுப்பார்!

அப்படி உட்காரும்போது ப்ளேயரைக் கேட்க என் கையில அஞ்சு கேள்வி இருக்கு. கட் பண்ணி நோட்டுல ஒட்டிக்குங்க:

1. காலையில வந்ததுல இருந்து கிளம்பற வரைக்கும் எங்கே எங்கே போவீங்க? இந்த ப்ளான்ல பென்சிலால கோடு போட்டுக் காட்டுங்க.

2. எந்த கிரவுண்டுல உங்களுக்கு அடி பட்டுது? அங்கே தரை, சுவர், வேலி எப்படி இருந்துச்சு?

3. எந்த நேரத்துல, எந்தப் பக்கம் பார்த்தா கண்ணு கூசும்?

4. மழை விட்டு எவ்வளவு நேரத்துல திரும்ப ஆடணும்?

5. கூட ஆடினவங்கள்ல யார் பாதியில விட்டுட்டுப் போனாங்க? இடத்துல என்ன மாறியிருந்தா இருந்திருப்பாங்க?

அஞ்சாவது கேள்விக்கு வர்ற பதிலை மட்டும் கொஞ்சம் நிதானமா கேளுங்க. ஜெயிச்சு வந்தவர்தான் பேசுவார். ஆனா அவர் சொல்லப் போறது ஜெயிக்க முடியாம போன நாலு பேரோட கதை.

நம்மளால என்ன முடியும்?

அரசாங்கம் கேட்கட்டும், அது ஒரு பக்கம். நம்ம கேம்பஸ்லயே இதை ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு காலேஜ்லயும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்த பசங்க, பொண்ணுங்க இருக்காங்க. ஸ்டேட் ஆடினவங்க, நேஷனல் போனவங்க. அட்டென்டன்ஸ் குறையறப்ப மட்டும்தான் அவங்க பேர் ஸ்டாஃப் ரூம்ல அடிபடும். அதே காம்பவுண்டுல சிவில், ஆர்க்கிடெக்சர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு 'டிசைன் ஆஃப் எ ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்'னு சீனியர் ரிப்போர்ட்டை அப்படியே காப்பி அடிச்சு பைண்டிங் போடறவங்களும் இருக்காங்க. ரெண்டு க்ரூப்பும் ஒரே கேன்டீன்ல ஒரே டீதான் குடிக்குது. ஒருத்தரை ஒருத்தர் கேட்டதே இல்லை!

இந்த வருஷம் ப்ராஜெக்ட் எடுக்கப் போறவங்க ஒரு வேலை பண்ணுங்க. லைப்ரரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில கிரவுண்டுக்குப் போங்க. உங்க காலேஜ் கபடி கேப்டனையோ, 800 மீட்டர் ஓடற பொண்ணையோ பிடிங்க. மேல இருக்கிற அஞ்சு கேள்வியைக் கேளுங்க. அந்தப் பதிலை வெச்சு ப்ளானைப் போட்டு, வைவாவுல எக்ஸ்டர்னல் முன்னாடி விரிங்க. முடிஞ்சா ஒரு காப்பியை உங்க மாவட்ட விளையாட்டு அலுவலகத்துலயும் கொடுத்துட்டு வாங்க. வாங்கி வெச்சுக்குவாங்களா, படிப்பாங்களான்னு கேட்காதீங்க. உங்க ஊர்ல அடுத்த கிரவுண்டுக்கு எஸ்டிமேட் போடற நேரத்துல அந்த டேபிள்ல அது கிடக்கணும், அவ்வளவுதான்.

கத்தரிக்கோல் எப்படியும் கிடைக்கும். பென்சிலைத்தான் நாம கொடுக்கணும்.

அடுத்த வாரம் இதே பெஞ்ச்சுல மீட் பண்ணலாம்!